வாசலை அடைக்கும் புரதங்கள்: கிண்டியில் தொடங்கிய ஒரு கணக்கு

மனித உயிரணுக்களின் மேற்பரப்பில் ஏசிஇ-2 என்றொரு புரதம் இருக்கிறது. இரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதில் அதற்குப் பங்குண்டு. மூக்கு, நுரையீரல், குடல், சிறுநீரகம் என்று பல இடங்களில் அதைக் காணலாம். மனிதரைத் தாக்கும் கொரோனா வைரஸ்களில் மூன்று, இந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் உயிரணுவுக்குள் நுழைகின்றன. ஒன்று 2002-03இல் சார்ஸ் நோயைக் கொண்டுவந்தது. இன்னொன்று 2019 இறுதியில் வெளிப்பட்டு உலகையே முடக்கியது. மூன்றாவதன் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 2004இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்ட என்எல்63 வைரஸ் அது. பெரும்பாலும் சளியும் இருமலுமாக வந்து சில நாட்களில் போய்விடும்.

மூன்றுக்கும் வாசல் ஒன்றுதான் என்றால், ஒன்று மட்டும் சளியோடு நின்றுவிடுவதும் மற்ற இரண்டும் உயிரைப் பறிப்பதும் எதனால்? சென்னை ஐஐடியின் உயிரித் தொழில்நுட்பத் துறையில் மைக்கேல் குரோமிஹாவின் குழு இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. புரதங்களின் அமைப்பைக் கணினி வழியாக ஆராய்வது இக்குழுவின் நெடுநாள் வேலை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் பொ.க. பொன்னுசாமியும் இணைந்து எழுதிய அந்த ஆய்வுக் கட்டுரை 2021இல் வெளியானது. மூன்று வைரஸ்களின் மேற்பரப்பில் முள்போல் நீட்டி நிற்கும் ஸ்பைக் புரதங்களும் ஏசிஇ-2வைத் தொடும் இடங்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். தொடும் பரப்பு எவ்வளவு அகலமோ, பிணைப்பின் ஆற்றல் எவ்வளவு அதிகமோ, அந்த இடம் எவ்வளவு இறுக்கமாக அசையாமல் இருக்கிறதோ, அந்த அளவுக்கு நோயின் கடுமையும் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. நோயின் கடுமைக்கு வேறு காரணங்களும் உண்டு. உடலின் எதிர்வினையும் வயதும் அதில் சேரும். ஆனாலும், நுழைவாயிலில் நடப்பது ஒரு பிடிமானக் கணக்கு என்பதை இந்த ஒப்பீடு தெளிவாகக் காட்டுகிறது. வைரஸின் பிடியைவிட வலுவான பிடியுள்ள வேறொரு பொருள் ஸ்பைக்கின் அந்த இடத்தை முதலில் பற்றிக்கொண்டால், வைரஸ் உயிரணுவைத் தொடவே முடியாது.

நம் உடல் தயாரிக்கும் ஆன்டிபாடிகள் செய்வதும் பெரும்பாலும் இதைத்தான். அவற்றை ஆலையில் தயாரித்து மருந்தாகக் கொடுக்கவும் முடிந்தது. காசிரிவிமாப், இம்டெவிமாப் என்ற இரு ஆன்டிபாடிகளின் கலவை 2021 மே மாதம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஒரு நோயாளிக்கான மருந்தின் விலை 59,750 ரூபாய். எந்நேரமும் குளிர்நிலையில் வைத்திருக்க வேண்டும், ஊசி வழியாகவே செலுத்த வேண்டும். அதே மாதத்தில்தான் ரெம்டெசிவிர் மருந்துக் குப்பிகளுக்காக மக்கள் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலிலும் பிறகு நேரு விளையாட்டரங்கிலும் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். வாழ்நாள் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். அந்த நாட்களைக் கண்டவர்களுக்கு, மலிவான, வெயிலில் கெடாத, மூக்கில் தெளித்துக்கொள்ளக்கூடிய ஒரு தடுப்பான் என்பது வெறும் ஆய்வகக் கனவாகத் தோன்றாது. 2020 கோடையில் தேனாம்பேட்டை, கோடம்பாக்கம் மண்டலங்களில் தொற்று மளமளவென்று ஏறியது. மயிலாப்பூரும் தியாகராய நகரும் அந்த மண்டலங்களில் அடங்கியவை. ஒரே அறையில் ஐந்தாறு பேர் வாழும் வீடுகளும், பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பறையும் உள்ள தெருக்கள் அங்கே ஏராளம். வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் மற்றவர்கள் தனித்திருக்க இடமில்லை. அப்படிப்பட்ட வீட்டில் இன்னும் தொற்றாதவர்களின் மூக்கைக் காக்க ஏதாவது இருந்திருந்தால் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆன்டிபாடி ஒரு பெரிய மூலக்கூறு. 1,300க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்டது. அதை உண்டாக்க விலங்கு உயிரணுக்களைத் தொட்டிகளில் வளர்க்க வேண்டும். செலவு ஏறுவது அங்கேதான். ஆனால், ஸ்பைக்கைத் தொடும் வேலையில் ஈடுபடுவது அதன் நுனியில் உள்ள சிறு பகுதி மட்டுமே. அந்த வேலையை மட்டும் செய்யும் ஒரு சின்னஞ்சிறு புரதத்தை, இயற்கையில் எங்கும் இல்லாத ஒன்றை, புதிதாக வடிவமைத்துவிட்டால் என்ன? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேக்கர் குழு இதைச் செய்து 2020 செப்டம்பரில் சயின்ஸ் இதழில் வெளியிட்டது. ஆய்வின் முதல் ஆசிரியர் லாங்ஷிங் சாவ். இரண்டு வழிகளை முயன்றார்கள். ஏசிஇ-2வில் ஸ்பைக்கைத் தொடும் சுருளை, அதாவது புரதச் சங்கிலி திருகுபோல் சுருண்டு நிற்கும் பகுதியை, அப்படியே எடுத்து, அதைத் தாங்கும் சட்டத்தைக் கணினியில் கட்டுவது ஒரு வழி. ஏசிஇ-2வை முற்றிலும் மறந்துவிட்டு, ஸ்பைக்கின் அந்தப் பரப்புக்குப் பொருந்தும் வடிவத்தை வெறுமையிலிருந்து கட்டுவது மற்றொரு வழி. வென்றது இரண்டாவது. இயற்கை பல கோடி ஆண்டுகளில் செய்துவைத்ததை நகலெடுத்ததைவிட, புதிதாகக் கட்டியது வலுவாகப் பற்றியது.

எல்சிபி1 என்று அவர்கள் பெயரிட்ட அந்தப் புரதத்தில் இருப்பவை 56 அமினோ அமிலங்கள். மூன்று சுருள்கள் ஒன்றையொன்று அணைத்து நிற்கும் சிறு கட்டு அது. ஆய்வகத்தில் குரங்குச் சிறுநீரக உயிரணுக்களை வைரஸ் தாக்கியபோது, ஒரு லிட்டர் திரவத்தில் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவாக இந்தப் புரதம் இருந்தபோதே தொற்று பாதியாகக் குறைந்தது. அடுத்த ஆண்டில், எலிகளின் மூக்கில் கொடுத்துப் பார்த்தபோது அவற்றையும் காத்தது. 2024இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி, கணினி வழிப் புரத வடிவமைப்புக்காக பேக்கருக்கு அளிக்கப்பட்டது. மறுபாதி, புரத அமைப்பைக் கணிக்கும் மென்பொருளுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும்.

இந்தச் செய்திகள் வந்தபோதெல்லாம் கணினியின் ஆற்றலே பேசப்பட்டது. அது உண்மைதான், ஆனால் முழு உண்மையாகாது. கணினிக்கு ஒரு புரதத்தைக் கட்டச் சொல்லும்போது, எதைக் கட்டக்கூடாது என்பதை முதலில் சொல்லித்தர வேண்டும். அந்தத் தடைகளின் வரைபடம் சென்னையில் தீட்டப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் தொடங்கிய அந்த வேலை, சர்தார் படேல் சாலையில் அடையாற்றுப் பக்கம் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு வளர்ந்தது.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அ. லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறையைப் புதிதாகக் கட்டியெழுப்ப ஆள் தேடினார். சி.வி. ராமனின் பரிந்துரையோடு வந்து சேர்ந்தவர் கோ.நா. இராமச்சந்திரன். அப்போது அவருக்கு முப்பது வயதை ஒட்டியிருக்கும். அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் அறிஞர் ஜே.டி. பெர்னல், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று சொன்னார். நம் தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றுக்கும் உறுதி தருவது கொலாஜன். பதனிட்ட தோல் என்பதே கிட்டத்தட்ட கொலாஜன்தான். அதனால்தான் மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. தோல் ஆராய்ச்சி நிறுவனம் கங்காரு வாலின் தசைநாணைக் கொடுத்து உதவியது. எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் நேச்சர் இதழில் கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே அந்த மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றிச் செல்லும் விதத்தைத் திருத்தி எழுதினார்கள். தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கம் இன்று அந்த மூவிழைச் சுருளின் பெயரையே தாங்கி நிற்கிறது. கர்த்தா பின்னாளில் அமெரிக்கா சென்று, 1967இல் ரைபோநியூக்ளியேஸ் நொதியின் அமைப்பைக் கண்ட குழுவில் இருந்தார். அவருடைய பெயர் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பேசப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

கொலாஜன் கட்டுரைக்குக் கடுமையான எதிர்ப்பு வந்தது. டிஎன்ஏ அமைப்பால் புகழின் உச்சியில் இருந்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், சென்னை மாதிரியில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கிவிட்டன என்று குறை சொன்னார்கள். இராமச்சந்திரன் இதற்குக் கோபத்தோடு பதில் எழுதிவிட்டு ஓய்ந்திருக்கலாம். அவர் வேறொன்றைச் செய்தார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு அளவுகோல் என்ன என்று கேட்டார். வெளியாகியிருந்த படிக அமைப்புகளைத் திரட்டி, கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும், நைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே இயற்கை உண்மையில் விடும் இடைவெளிகளைப் பட்டியலிட வைத்தார். வழக்கமான எல்லை ஒன்று, அதற்கும் கொஞ்சம் உள்ளே போகும் கடைசி எல்லை ஒன்று என இரண்டு எல்லைகள் கிடைத்தன.

அடுத்து வந்த கேள்வி இதைவிடப் பெரியது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு. அந்த இரண்டு சுழற்சிகளுக்கும் ஃபை, சை என்று பெயர். ஒவ்வொன்றும் 360 பாகைவரை சுழலலாம் என்றால் சங்கிலி எடுக்கக்கூடிய வடிவங்களுக்கு முடிவே இல்லை. ஆனால் முழங்கை ஒரு பக்கமாக மட்டுமே மடங்குவதுபோல, இந்தக் கண்ணிகளுக்கும் மடங்க முடியாத திசைகள் உண்டு. மடக்கினால் அணுக்கள் மோதும். சி. இராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் இராமச்சந்திரனோடு சேர்ந்து ஒவ்வொரு கோணச் சோடிக்கும் அணு இடைவெளிகளைக் கணக்கிட்டார்கள். கணினி கைக்கு எட்டாத காலம். மேசைக் கணக்குப் பொறியில் எண்களைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். 1963இல் வெளியான அந்தப் படத்தில் முக்கால் பங்குக்கும் அதிகமான இடம் தடைசெய்யப்பட்ட பகுதி. எஞ்சியிருப்பவை சில தீவுகள். அவற்றில் ஒன்றில், ஃபை ஏறத்தாழ கழித்தல் 57, சை கழித்தல் 47 என்ற புள்ளியருகே, எல்சிபி1இல் பார்த்த ஆல்ஃபா சுருள் அமர்ந்திருக்கிறது.

இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் அழைக்கும் அந்தப் படத்தோடு ஒத்துப்பார்க்காமல் இன்று எந்தப் புரத அமைப்பும் உலகத் தரவுத்தொகுப்பில் ஏறுவதில்லை. ஸ்பைக் புரதத்தின் அமைப்பும் 2020 பிப்ரவரியில் அப்படித்தான் வெளியானது. புதுப் புரதம் கட்டுபவர்களுக்கோ அது சோதனைத் தாள் மட்டுமல்ல, மனைப்படமும்கூட. எல்சிபி1 முழுக்கச் சுருள்களாலேயே ஆனதற்குக் காரணம் இருக்கிறது. சுருளின் தீவு குறுகலானது. அதற்குள் விழுந்த சங்கிலி உறுதியாக நிற்கும், எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியும். சிறிய புரதத்தை உறுதியாகக் கட்ட விரும்புகிறவர் முதலில் சுருளைத் தேடிப் போவது அதனால்தான். கிரிக்கின் குறை நியாயமா இல்லையா என்று அறிவியல் வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கட்டும். அந்தக் குறையை ஒரு பொதுவான கேள்வியாக மாற்றிக்கொண்ட மனம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1971இல் இராமச்சந்திரன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை நிறுவினார். அங்கே பின்னர் ப. பலராம், அமெரிக்காவின் இசபெல்லா கார்லோடு சேர்ந்து, ஏஐபி என்ற அமினோ அமிலத்தைச் சங்கிலியில் செருகி, விரும்பிய இடத்தில் சுருளை உண்டாக்கிக் காட்டினார். அந்த அமினோ அமிலம் சுருளின் தீவை விட்டு எளிதில் வெளியேறாது என்பதை வரைபடத்தின் தர்க்கமே சொல்லிவிடும். புரதத்தைப் படிப்பதிலிருந்து கட்டுவதற்கு நகர்ந்த மரபு அந்தத் துறையில் இப்படி வேரூன்றியது.

அதே துறையிலிருந்து 2022இல் ஒரு கொரோனா தடுப்பான் வந்தது. ஜெயந்த சட்டர்ஜியின் குழு உருவாக்கிய அதன் பெயர் எஸ்ஐஎச்-5. நேச்சர் கெமிக்கல் பயாலஜி இதழில் அந்த ஆய்வு வெளியானது. சியாட்டில் புரதத்தோடு ஒப்பிட்டால் இதன் கருத்து வேறு. எஸ்ஐஎச்-5 என்பது கொண்டையூசிபோல் மடிந்த இரு சுருள்கள். அது தனியே நிற்பதில்லை. தன்னைப் போன்ற இன்னொன்றோடு இணைந்து நான்கு சுருள்களின் கட்டாகிறது. அந்தக் கட்டுக்கு இரண்டு முகங்கள். ஒரு முகம் ஒரு ஸ்பைக்கையும் மறு முகம் வேறொரு ஸ்பைக்கையும் பற்ற முடியும். சோம்நாத் தத்தாவின் குழு உறைநிலை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, இரண்டு ஸ்பைக்குகள் தலையோடு தலை ஒட்டி நிற்பது தெரிந்தது. ஒவ்வொரு ஸ்பைக்கும் மூன்று கூறுகள் கொண்டது. மூன்று கூறுகளின் பற்றும் முனைகளும் ஒரே சமயத்தில் அடைபட்டுப் போகின்றன. வைரஸ் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து திரண்டும் விடுகின்றன. ஏசிஇ-2வின் இடத்தைப் பிடித்துக்கொள்வதோடு நில்லாமல், ஸ்பைக்கை ஸ்பைக்காலேயே மூடிவிடுகிறது இது. எனக்குத் தெரிந்த தடுப்பான் யோசனைகளில் மிக அழகானது இதுவே.

சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனமும் இந்த ஆய்வில் பங்கேற்றது. ராகவன் வரதராஜனின் ஆய்வகத்தில் ஹாம்ஸ்டர்களுக்கு இந்தச் சிறுபுரதத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதிக அளவு வைரஸைச் செலுத்தினார்கள். அவற்றின் எடை குறையவில்லை. வைரஸின் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. நுரையீரல் சேதமும் குறைவு. இந்தப் புரதம் அறை வெப்பத்திலேயே மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது. மே மாத வெயிலில் மின்சாரம் போய்ப்போய் வரும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்த ஒரு வரியின் எடை புரியும்.

ஆனால் எல்சிபி1ஓ எஸ்ஐஎச்-5ஓ மருந்துக் கடைக்கு வரவில்லை. இதற்கு உயிரியல் காரணங்கள் உண்டு. மூக்கின் உட்சுவர் எதையும் வெகுநேரம் தங்கவிடாது, சளியோடு தள்ளிவிடும். இயற்கையில் இல்லாத புரதத்தை அடிக்கடி தெளித்தால் உடல் அதற்கெதிராகவே ஆன்டிபாடி உண்டாக்கலாம். வைரஸும் மாறிக்கொண்டே இருந்தது. 2021 டிசம்பரில் ஒமிக்ரான் தமிழ்நாட்டை எட்டியது. ஸ்பைக்கின் பற்றும் இடத்திலேயே அதற்குப் பல மாற்றங்கள் இருந்தன. ஒரே புள்ளியைப் பிடிக்கும் சிறுபுரதத்துக்கு அது சோதனைதான். பேக்கரின் குழு மூன்று சிறுபுரதங்களை ஒன்றாகக் கட்டி, ஸ்பைக்கின் மூன்று கூறுகளையும் ஒருசேரப் பிடிக்கச் செய்து இதற்கு விடை தேடியது. 2022இல் அது எலிகளிடம் பலன் தந்தது. பல முனைகளில் பிடிப்பவை மாற்றங்களைச் சமாளிக்கின்றன என்பது அதிலிருந்து தெரிந்தது. எஸ்ஐஎச்-5உம் தன் இரட்டை முகத்தால் அந்தத் திசையில் ஒரு காலை வைத்திருந்தது.

உயிரியலைவிடப் பெரிய தடை வேறு. 2022இன் நடுவில் தடுப்பூசிகள் பரவலாகிவிட்டன, வாய்வழி மருந்துகள் வந்துவிட்டன, பயம் குறைந்தது, பணமும் குறைந்தது. ஹாம்ஸ்டருக்கும் மனிதருக்கும் இடையிலான நச்சுத்தன்மைச் சோதனைகள், தரமான உற்பத்தி, மனிதச் சோதனைகள் என்ற நீண்ட பாதையை அவசரம் இல்லாத காலத்தில் நடந்து முடிக்க நம்மிடம் நிதியும் அமைப்பும் இல்லை. அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மனிதச் சோதனையில் இந்த நகரத்துக்குப் பெருமைக்குரிய வரலாறே இருக்கிறது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், சானடோரியத்தில் படுக்க வைத்துச் செய்யும் சிகிச்சையும் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிடுவதும் ஒரே அளவு பலன் தருகின்றன என்று 1959இல் நிறுவியது. உலகமெங்கும் காசநோய் சிகிச்சை மாறியது அந்தச் சென்னை ஆய்வால். அந்த மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அதே சேத்துப்பட்டில் இருக்கிறது. பெங்களூரில் பிறக்கும் ஒரு மூலக்கூறு, ரயிலில் ஐந்தாறு மணி நேரத் தொலைவில் உள்ள இந்த நகரத்தின் மருத்துவமனைகளில் முதல் மனிதச் சோதனைக்கு வந்து சேர ஒரு நிரந்தர ஏற்பாடு வேண்டும். கொள்ளைநோய் இல்லாத ஆண்டுகளிலும் அது இயங்க வேண்டும்.

அந்த ஆண்டுகளில் அதற்கு வேலை இல்லாமல் போகாது. 2025 ஜனவரியில் நேச்சர் இதழில் பேக்கர் குழு இன்னொரு முடிவை வெளியிட்டது. இம்முறை இலக்கு பாம்பு நஞ்சு. நாகம், கட்டு விரியன் ஆகியவற்றின் நஞ்சில் நரம்பைச் செயலிழக்கச் செய்யும் முவ்விரல் நச்சுகள் என்ற சிறு புரதங்கள் உள்ளன. அவற்றைப் பற்றும் புரதங்களைக் கணினியில் வடிவமைத்து, உயிரைக் கொல்லும் அளவு நச்சு செலுத்தப்பட்ட எலிகளைக் காப்பாற்றினார்கள். கொரோனாவில் செய்த அதே வேலைதான்: தொடும் பரப்பைக் கண்டு, அதற்குப் பொருந்தும் சிறு கட்டைப் புதிதாகக் கட்டுவது.

உலகில் பாம்புக்கடியால் அதிகம் பேர் இறக்கும் நாடு இந்தியா. இந்திய நச்சுமுறிவு மருந்துகளுக்கு வேண்டிய நஞ்சைத் திரட்டித் தரும் முதன்மையான இடம், அடையாற்றிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வரும் வடநெம்மேலி. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே செயல்படுகிறது. இப்போதைய நச்சுமுறிவு மருந்து, குதிரைகளுக்கு நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி அவற்றின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. ஒவ்வாமை ஆபத்து உள்ளது, ஊசி வழியே மருத்துவமனையில்தான் கொடுக்க முடியும். வயலில் கடிபட்டவர் மருத்துவமனை சேரும்வரை தாக்குப்பிடிக்க உதவும் ஒரு வெப்பம் தாங்கும் சிறுபுரதம் இங்கே பெரிய மாற்றத்தைத் தரும். ஆனால் முவ்விரல் நச்சுகள் பாதிக் கதைதான். நம் நாட்டில் மிக அதிகம் பேரைக் கொல்லும் கண்ணாடி விரியனின் நஞ்சில் இரத்தத்தையும் திசுக்களையும் சிதைக்கும் வேறு நொதிகள் உள்ளன. சுருட்டை விரியனிடமும் அப்படியே. அந்த நொதிகள் ஊருக்கு ஊர் மாறுபடுகின்றன. தமிழ்நாட்டுக் கண்ணாடி விரியனின் நஞ்சும் வடமாநிலத்துக் கண்ணாடி விரியனின் நஞ்சும் ஒன்றல்ல. எனவே தமிழ்நாட்டு நஞ்சுகளின் புரதங்களை அமைப்போடு வரைந்து, அவற்றுக்கான தடுப்பான்களை வடிவமைப்பதை வேறொரு நாட்டு ஆய்வகம் நமக்காகச் செய்துதராது. நஞ்சு வடநெம்மேலியில் இருக்கிறது. கணக்குத் தெரிந்தவர்கள் ஐஐடியிலும் கிண்டி வளாகத்திலும் இருக்கிறார்கள்.